நூற்றுக்கு நூறு பொருத்தம்

"என் தட்டுல கை வைக்காதன்னு எத்தன தடவடி சொல்றது?"

அண்ணி தட்டைத் தூக்கிக்கொண்டு சுவரோரம் நகர்ந்தாள். நீட்டிய கையை மகள் மெல்ல இழுத்துக்கொண்டாள். அந்தத் தட்டு, டம்ளர், துண்டு எல்லாம் இப்போது அண்ணிக்குத் தனி. சாப்பிட்டதும் வெந்நீரில் போடுவாள்.

மேசையில் மடிக்கணினியோடு இருந்த கொழுந்தன் தலையைத் தூக்கவில்லை. அவனுக்குக் கிருமி ஆய்வகத்தில் வேலை. முனைவர் பட்டம் வாங்கிய அன்று 'ஊசி போடாத டாக்டர்' என்று அண்ணி பெயர் வைத்தாள். ஒரு மாதமாக அப்படிக் கூப்பிடுவதில்லை.

ஒரு மாதம் முன்புவரை அவள் பச்சிளங்குழந்தைகள் வார்டில் நர்ஸ். அங்கே ஒரு குழந்தைக்குக் காய்ச்சல் கண்டது. எந்த மருந்துக்கும் மடங்காத கிருமி அதன் ரத்தத்தில் இருப்பதாகக் கொழுந்தனின் ஆய்வகம் சொன்னது.

வார்டில் சந்தேகத்துக்கு ஆளானவர்களின் கைகளைப் பஞ்சால் துடைத்து அனுப்பினார்கள். அண்ணியின் பஞ்சில் அது இருந்தது.

"அதே மாதிரிக் கிருமியா, அதே கிருமியா?" என்று விசாரணையில் கேட்டார்கள்.

"அதேதான். மரபணுவுல ஒரு எழுத்துகூட மாறல. நூத்துக்கு நூறு பொருத்தம்," என்றான் கொழுந்தன். சொந்த அண்ணி என்றும் பார்க்காதவன் என்று மருத்துவமனை முழுக்க அவனுக்கு நல்ல பெயர்.

அண்ணி முதலில் மறுத்தாள். இரண்டு மூன்று நாள் யோசித்துக்கொண்டே கிடந்தாள். பிறகு அவளுக்கே நினைவு வந்தது: வேறொரு தொட்டிலிலிருந்து அவசரமாக வந்தவள் கை கழுவாமல் அந்தக் குழந்தையைத் தூக்கியிருந்தாள். தானே போய்ச் சொன்னாள். வேலையிலிருந்து நீக்கினார்கள்.

"அந்தக் குழந்தை எப்படி இருக்காம் தம்பி?"

"வீட்டுக்குப் போயாச்சு அண்ணி. சாதாரண மருந்துலயே தேறிடுச்சு. அதிர்ஷ்டம்தான்."

"நல்லா இருக்கட்டும். பெத்தவளக் கண்ணாடிக்கு வெளியவே நிக்க வெச்சாங்களே. தெருவுல அவ எதிர்ல வந்தா நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு நடப்பேன்?"

கொழுந்தன் மடிக்கணினிக்குத் திரும்பினான். பயங்கரக் கிருமிகளின் மரபணு வரிசைகளை உலகத்து ஆய்வகங்கள் ஏற்றிவைக்கும் இணையக் களஞ்சியம் ஒன்று உண்டு. அண்ணியின் கிருமியையும் குழந்தையின் கிருமியையும், யாரிடமிருந்து எடுத்தது என்ற குறிப்போடு, அவன் அதில் ஏற்றியிருந்தான். களஞ்சியத்திலிருந்து யாரோ பேச வேண்டும் என்று காலையில் செய்தி வந்திருந்தது.

போன் அடித்தது. பாராட்டாக இருக்கும், வீட்டில் நாலு பேர் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டான்.

"சார், நீங்க ஏத்தினத சரிபார்க்கறது நான்தான். உங்க ரெண்டு வரிசையும் ஒண்ணோட ஒண்ணு அப்படியே பொருந்துது," என்றது ஒரு பெண்குரல்.

"ஆமாம் மேடம். விஷயமே அதானே."

"மூணாவதா ஒண்ணோடயும் பொருந்துது சார். எங்ககிட்ட ரொம்ப வருஷமா கிடக்கற வரிசை. அதுலயும் ஒரு எழுத்து மாறல."

"அப்போ அந்தக் கிருமிதான் இங்க பரவியிருக்கு."

"பரவற கிருமி இத்தன வருஷம் மாறாம இருக்குமா? ஆளுக்கு ஆள் தாவும்போதே அங்கொண்ணு இங்கொண்ணு மாறிடுமே. உறைய வெச்சிருந்தாத்தான் அப்படியே இருக்கும்."

அவன் மடிக்கணினியை மெல்ல மூடினான்.

"புது ஆளுங்க பழகறதுக்குன்னு ஆய்வகங்களுக்குக் குப்பியில அனுப்புற கிருமி சார் அது. உங்களுக்கும் வந்திருக்கும். நீங்க ரெண்டு பரிசோதனைக்கும் ஊத்தின ஏதோ ஒரு கரைசல்ல அது கலந்திருக்கு. குழந்தை உடம்புலயும் அது இல்ல, அந்த நர்ஸ் கையிலயும் இல்ல. வரிசைய அப்புறம் எடுத்துக்கலாம். மொதல்ல அந்த நர்ஸம்மாகிட்ட சொல்லிடுங்க. பாவம்."

பேச்சு முடிந்த பிறகும் அவன் போனையே பார்த்துக்கொண்டிருந்தான். நேர்மையானவன் என்று தோளில் தட்டியவர்களின் முகங்கள் ஒவ்வொன்றாக வந்தன.

"அண்ணி..." என்றான்.

அவள் திட்டுவாள் என்று குனிந்தே காத்திருந்தான். அடித்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

அண்ணி குரலை உயர்த்தவில்லை. தெரியாத ஒன்றைத் தெரிந்தவனிடம் கேட்பதுபோலக் கேட்டாள்:

"அப்போ நான் அன்னிக்குக் கை கழுவினேனா தம்பி?"