எழுந்திருக்காத டாக்டர்

ஜமீன்தார் வந்தபோதே எழுந்திருக்காத டாக்டர் சுப்பராமன், கொட்டாம்பட்டிச் சம்சாரி சின்னச்சாமிக்கா எழுந்திருப்பார்?

நாற்காலியில் சாய்ந்தபடியே, "உட்காரும் பெரியவரே" என்று கையைக் காட்டினார்.

சின்னச்சாமிக்குச் சுருக்கென்றது. சீமையில் நரம்பு வைத்தியம் படித்தவராம். ஜன்னலுக்கெல்லாம் வெட்டிவேர்த் தட்டி, அதை நனைத்துக்கொண்டே இருக்க ஒரு கம்பவுண்டர் பிச்சுமணி!

"என்னா சொகுசு, பாத்தியாடா" என்று மகன் காளையின் காதைக் கடித்தார்.

மருமகள் அன்னக்கொடி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அம்புட்டும் நடிப்பு சாமி" என்றார் சின்னச்சாமி. "மத்தியானம் களையெடுக்கச் சொன்னா, காலு வரல, கண்ணு மங்குதுன்னு வரப்புல உக்காந்துருவா. சாயங்காலம் கெணத்துல குளிச்சதும் விறுவிறுன்னு நடப்பா. வெயிலுக்கு மட்டும் வருமா சீக்கு? நடிப்புன்னு நீங்களும் சொல்லிட்டா, ஊர்க்கூட்டத்துல துரும்பக் கிள்ளிக் குடுத்து அத்துவிட்டுருவோம்."

காளை தலையைக் குனிந்துகொண்டான். அந்தத் துரும்பு கைக்கு வந்தால், பொய்க்காரி என்ற பேரோடு அவள் பிறந்த வீடு போகவேண்டியதுதான்.

"காலை என் மடியில் வைம்மா" என்றார் டாக்டர்.

"ஐயோ சாமி!"

"பரவாயில்லை, வை."

உள்ளங்காலில் சாவி முனையால் ஒரு கோடு இழுத்தார். அவள் கட்டைவிரல் மேலே விறைத்தது. காளையின் காலில் இழுத்தார். கீழே மடங்கியது. நம்பாமல் சின்னச்சாமியும் தன் காலை நீட்டினார். அதுவும் கீழேதான் மடங்கியது.

"நரம்பு கெட்டவாளுக்குத்தான் விரல் மேலே போகும். இது அவளுக்குத் தெரியுமா? தெரியாததை எப்படி ஓய் நடிப்பாள்?"

சின்னச்சாமி தன் கட்டைவிரலை ஒருமுறை ஆட்டிப் பார்த்துக்கொண்டார்.

"நிஜமான வியாதி. உடம்பில் சூடு ஏறினால் படுத்தும், குளிர்ந்தால் அடங்கும். இதுக்கு மருந்து இன்னும் யாரும் கண்டுபிடிக்கலை."

"அப்ப, மொடமாத்தான் கெடப்பாளா?"

"யார் சொன்னது? வெயிலுக்கு முன்னாடி வேலை, மத்தியானம் நிழல், முதுகில் ஈரத்துணி. அவ்வளவுதான். கெட்டிக்காரியா வாழலாம்."

"சொல்றது சுளுவு சாமி. அனுபவிக்கிறவகளுக்குல்ல தெரியும்!"

டாக்டர் சிரித்தார்.

அன்னக்கொடி முதல்முறையாக நிமிர்ந்தாள். "நான் பொய் சொல்லல மாமா."

காளை அவள் கையைப் பிடித்தான். "துரும்பும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம். வா புள்ள, நம்ம வீட்டுக்குப் போவம்."

அவன் கையைப் பிடித்தபடி ராணி மாதிரி நடந்தாள் அன்னக்கொடி. வாசலைத் தாண்டும்போது பின்னால் பிச்சுமணியின் அலறல் கேட்டது.

"வேண்டாம் சார்! உச்சி வெயில் நேரம், உங்களுக்கும் கால் நிக்காதே!"

திரும்பிப் பார்த்தாள். ஜமீன்தாருக்கு எழுந்திருக்காத டாக்டர், மேஜையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, முழங்கால் வெடவெடக்க, அவளுக்காக எழுந்து நின்றுகொண்டிருந்தார்.