காலண்டருக்கு ஒரு வானம்

அவள் மறுபடியும் வெளிச்சத்தைக் கூட்டினாள்.

திரையின் நடுவில் விண்மீன் மண்டலம் வெளுத்துப் பூத்தது. சுற்றியிருந்த வானம் அசையவில்லை. கறுப்பு கறுப்பாகவே இருந்தது.

இன்னும் கூட்டினாள். கீழ் மூலையில் எதுவும் எழுந்து வரவில்லை.

வர வேண்டும். தொலைநோக்கி எடுப்பது உண்மையில் படமே அல்ல. ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் எண். அங்கே எவ்வளவு ஒளி விழுந்ததோ அவ்வளவு. கண்ணுக்குக் கறுப்பாகத் தெரியும் இடத்திலும் எண் இருக்கும். வெறும் வானத்துக்கும் சிறு மினுக்கம் உண்டு. பூஜ்யம் வராது. இந்த மலையில் வேலை செய்கிற எல்லோருக்கும் தெரியும்.

மூலையில் அம்புக்குறியை வைத்தாள்.

பூஜ்யம்.

போன மாதம் வானாய்வக இயக்குநர் காலண்டருக்குப் படம் கேட்டார். பார்க்க அழகாக ஒன்று. படங்களைப் பாதுகாக்கும் பொறுப்பில் இருந்த அவள் இதைத் தேர்ந்தெடுத்தாள். தொலைநோக்கியை இயக்கும் தணிகைவேல் எடுத்தது. சாய்ந்த விண்மீன் மண்டலம், நன்றாக விழுந்திருந்தது.

இந்தக் கோப்புகளைச் சாதாரணப் பட மென்பொருள் திறக்காது. அதற்கென்று கூடுதலாகச் சேர்க்கும் ஒரு ப்ளகின் உண்டு. போட்டுக்கொண்டாள். திறந்தது.

வானம் சாம்பல் நிறத்தில், துவைக்காத துணிபோல் இருந்தது. வெளிச்ச அளவை இழுத்துக் கறுப்பாக்கினாள். ஒரு பிரதியை அச்சகத்துக்கு அனுப்பினாள்.

மூடும்போது, சேமிக்கவா என்று கேட்டது. அசல் எண்கள் போய்விடும், பரவாயில்லையா என்றும் கேட்டது.

ஆம் என்றாள். திரை கேட்கும் எல்லாவற்றுக்கும் சொல்வதுபோல.

அசலைத் தொடாதே, பிரதி எடுத்து வேலை செய். புதிதாக வருகிறவர்களுக்கு முதல் நாளே அவள் சொல்லித்தருவது அது. அன்று சர்வர் மெதுவாக இருந்தது; அசலையே திறந்துவிட்டாள்.

தொலைநோக்கிக் கணினியில் இன்னொரு பிரதி இருந்திருக்கும். திங்கட்கிழமைகளில் அதிலுள்ள பழைய கோப்புகளைத் துடைத்துவிடுவார்கள்.

துடைத்ததும் அவள்தான்.

படம் எடுத்த மறுநாள் சாப்பாட்டு அறையில் தணிகைவேல் சொல்லியிருந்தார், கீழ் மூலையில் மங்கலாக ஏதோ தெரிகிறது என்று. ஒரு படத்தை நம்ப முடியாது, இன்னொரு முறை எடுத்துப் பார்த்துவிட்டு அறிவிக்கலாம் என்றாள். முறை அதுதான். அவரும் சரி என்றார்.

பிறகு மலையில் மேகம் இறங்கியது. இன்னும் ஏறவில்லை.

இன்று காலை செய்தி வந்தது. புதிய வால்நட்சத்திரம். சிலியில் யாரோ கண்டுபிடித்திருந்தார்கள். பாதையைப் பின்னோக்கிக் கணக்கிட்டால், தணிகைவேல் படம் எடுத்த அன்று அது அந்த மூலையில்தான் இருந்திருக்க வேண்டும்.

கண்டுபிடித்தவர் பெயரைத்தான் வால்நட்சத்திரத்துக்கு வைப்பார்கள்; அது இனி அவருக்குக் கிடைக்காது. ஆனால் படம் இருந்தால், முதலில் படம் பிடித்தவர் என்று ஒரு வரி கிடைக்கும். பிறர் ஆய்வுக்காகவே தொலைநோக்கியைத் திருப்பிக்கொண்டிருந்தவர். அவர் பெயரில் இதுவரை எங்கும் ஒரு வரி இல்லை.

அவரிடம் பிரதி கிடையாது. படங்களைச் சொந்தமாக வைத்துக்கொள்ளக் கூடாது என்பது விதி. அவர் விதிப்படி நடப்பவர்.

மதியம் அறைக்கு வந்தார். நெற்றியில் திருநீறு ஈரம் காயாமல் இருந்தது.

"படத்தத் தொறந்துட்டீங்களா மேடம்? காலையிலயே வீட்ல சொல்லிட்டேன். வால் எவ்ளோ நீளம்னு கேக்குறா. என் வாலவிடக் கம்மிதான்னேன்."

அவள் சிரிக்க முயன்றாள். நாற்காலியை நகர்த்தி இடம் விட்டாள்.

சொல்ல வேண்டிய வாக்கியம் தயாராக இருந்தது. சிறியது. நான்தான் அழித்தேன்.

அவர் குனிந்து மவுஸைப் பிடித்தார். அம்புக்குறியை மூலைக்குக் கொண்டுபோனார். திரையின் அடியில் எண் வந்தது. பூஜ்யம். சற்றுத் தள்ளி வைத்தார். பூஜ்யம். படத்தின் மறுகோடிக்குப் போனார்.

பூஜ்யம்.

கை நின்றது.

அவர் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவளைப் பார்க்கவில்லை.

"வானம் ரொம்பக் கறுப்பா இருக்கு," என்றார்.

குரலில் கோபம் இல்லை. கேள்வியும் இல்லை. சொல்லிவிட்டுக் காத்திருந்தார்.

அவள் வாயைத் திறந்தாள்.

"ஆமா," என்றாள்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். சட்டை நுனியால் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார்.

"எனக்குத்தான் பவர் மாத்தணும் போல, மேடம்."

ஜன்னலை ஒட்டி மேகம் நின்றது. வராந்தாவில் யாரோ செருப்பைத் தேய்த்து நடந்து போனார்கள். அதைச் சொல்லிவிட, அந்தச் சத்தம் ஓயும்வரை அவளுக்கு நேரம் இருந்தது.

திருப்பத்தூரில் நல்ல கண் டாக்டர் ஒருவர் இருப்பதாக அவள் சொன்னாள். பெயரையும் சொன்னாள்.

அவர் அதைக் குறித்துக்கொண்டார்.