மூன்றாம் ஜன்னல்

"கனுட்டோ சார் மாதிரி தங்கமான மனுஷனை நான் பாத்ததே இல்லை."

டிவியில் ஃபெலிசா பேசிக்கொண்டிருந்தாள். 'சுயதொழிலுக்கு அரசு உதவி' நிகழ்ச்சி. வாராவாரம் ஒரு பயனாளி வந்து, தன் வாழ்க்கை பூத்துக் குலுங்குவதைச் சொல்ல வேண்டும். இந்த வாரம் பிலிப்பைன்ஸின் கிமராஸ் தீவுக்கு முறை.

"தையல் மெஷினுக்கு மனு கொடுத்தேன். நகராட்சியில சார் உக்கார்ற மூணாவது ஜன்னல். ஏழே நாள்ல கையெழுத்து. ஆசையா ஒரு கோழி கொண்டுபோனேன். தொடவே மாட்டேன்னுட்டாரு."

பெட்டிக்கடை டிவி முன்னால் கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். கனுட்டோ காசு வாங்கமாட்டார், அவ்வளவு நேர்மை. கோழி மட்டும்தான் வாங்குவார். ஃபெலிசாவிடம் வாங்கியது இரண்டு.

நெனிட்டா மட்டும் சிரிக்கவில்லை. புயலில் புருஷனின் படகு போய்விட்டது. மெஷின் வந்தால்தான் அடுப்பு எரியும். அவள் மனுவோ நான்கு மாதமாக அதே ஜன்னலில் தூங்குகிறது. வீட்டில் இருப்பது ஒரே ஒரு முட்டைக்கோழி. பிள்ளைக்கு அதன் முட்டைதான் சத்து.

நிகழ்ச்சி முடியும்போது ஃபெலிசாவே கடைக்கு வந்தாள். நெனிட்டா பிடித்துக்கொண்டாள்.

"ஏன்க்கா, உனக்கு மெஷின் கிடைச்சிடுச்சு. அதுக்காக அந்தக் கோழித் திருடனுக்கு ஊரறிய ஜால்ரா போடணுமா?"

"போடணும்னு தோணுச்சு, போட்டேன்."

"கேமராவைப் பாத்ததும் நாக்கு புரண்டுடுச்சு. வெக்கமா இல்ல?"

ஃபெலிசா அரிசியை வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

திங்கட்கிழமை, வேறு வழியில்லாமல், நெனிட்டா கோழியின் காலைக் கட்டிக் கூடையில் வைத்துக்கொண்டு நகராட்சிக்குப் போனாள். மூன்றாம் ஜன்னலில் இருபது பேர் வரிசை. எல்லோரும் டிவி பார்த்துவிட்டு வந்தவர்கள். ஜன்னலுக்கு மேலே, கனுட்டோவின் நேர்மையைப் பாராட்டி மேயர் கொடுத்த சான்றிதழ் கண்ணாடி போட்டுத் தொங்கியது.

கூடையைப் பார்த்ததும் கனுட்டோவுக்கு வேர்த்தது.

"கோழியெல்லாம் இங்க கொண்டுவரக் கூடாதும்மா. டிவி பாக்கலையா?" என்றார், வரிசை முழுக்கக் கேட்கும்படி. பிறகு விளக்கெண்ணெய் குடித்த முகத்தோடு கையெழுத்துப் போட்டார்.

நெனிட்டா கோழியோடு நேராக ஃபெலிசா வீட்டுக்குப் போனாள்.

"உன்னை வாய்க்கு வந்தபடி பேசிட்டேன், மன்னிச்சிடுக்கா. ஆனா ஒண்ணு. அவன் கோழி வாங்கறான்னு உண்மையையே டிவியில சொல்லியிருக்கலாமே?"

ஃபெலிசா மெஷினை நிறுத்தாமலே சொன்னாள்.

"முதல்ல அதைத்தான்டி சொன்னேன். வெட்டிட்டாங்க. அப்புறம்தான், அவங்களுக்கு வெட்ட மனசே வராத மாதிரி ஒண்ணு சொன்னேன்."