ஃபெர்மினின் கட்டம்
சோரியா மாகாணத்தின் மேலவைத் தேர்தல் ஓட்டுச் சீட்டுகள்மேல், மலைக்கிராமத்துப் பள்ளிக்கூட ஜன்னல் வழியே கோடைச் சாயங்கால வெயில் விழுகிறது. ஒருவர் மூன்று பெயருக்குக் குறி போடலாம். குலுக்கலில் பெயர் விழுந்து வாக்குச்சாவடித் தலைவியான எலாடியா ஒவ்வொன்றாக விரித்து வாசிக்கிறாள். இதுவரை விரித்த எல்லாவற்றிலும் ஒரே கட்சியின் இரண்டு பெயருக்குக் குறி இருக்கிறது. அதே கட்சியின் மூன்றாம் வேட்பாளன் ஃபெர்மினின் கட்டம் மட்டும் காலி. இதே ஊர்க்காரன். பதவியில் இருந்தபோது, ஊருக்கு வழக்கமாக வந்துகொண்டிருந்த டாக்டரை இனி வரவேண்டாம் என்று நிறுத்தியவன். அந்தப் பனிக்காலத்தில்தான் எலாடியாவின் புருஷன் செத்தான். "சீக்கிரம் படியேன், எலாடியா," என்கிறான் எதிரே நிற்கும் ஃபெர்மின். "என்ன அவசரம்? ஆம்புலன்ஸுக்கு நான் ரெண்டு மணி நேரம் நின்னேன். நீயும் நில்லு." கடைசிச் சீட்டை விரிக்கிறாள். "ஃபெர்மினுக்கு ஒண்ணு!" என்று சுவர் அதிரச் சொல்கிறாள். அவனுக்கு விழுந்த ஓட்டு மொத்தமே அவ்வளவுதான். காலையில் தன்னோடு வந்து ஓட்டுப் போட்ட மனைவியை ஃபெர்மின் மெல்லத் திரும்பிப் பார்க்கிறான். அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.