சீட்டு இல்லாமல் வந்தவர்

கவுண்டருக்கு முன்னால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிற்கிற ஆளைப் பார்த்து சண்முகப்பிரியாவுக்கு உள்ளுக்குள் சிரிப்பு வந்தது. போன மாதம் வந்த அம்மாகூட இவ்வளவு நன்றாக அழவில்லை.

"ஒரே ஒரு அட்டை மட்டும் குடுங்க அம்மணி. மாத்திர தீந்துபோச்சுங்க. நாளைக்கும் இல்லீனா வலிப்பு வந்துருமுங்க" என்று காலி அட்டையை நீட்டினார் அவர். வால்பாறையிலிருந்து வந்தாராம். டாக்டர் சீட்டு வைத்திருந்த பை பஸ்ஸிலேயே போய்விட்டதாம்.

எல்லாம் வெங்கடபதி சார் சொல்லிக் கொடுத்து அனுப்பிய வசனம். அவளுக்குத் தெரியாதா என்ன?

சரவணம்பட்டியில் அவள் படிக்கிற பார்மசி கல்லூரிக்கு, ரோட்டோரமாகச் சொந்தத்தில் ஒரு மருந்துக் கடை உண்டு. கடைசி வருஷப் பிள்ளைகள் அங்கே முறை வைத்து நின்று தொழில் பழக வேண்டும். பயிற்சிக்குப் பொறுப்பு வெங்கடபதி சார். நோயாளி மாதிரி நடிக்க யாரையாவது பிடித்து அனுப்பி, பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்று சோதிப்பார். சோதனை எப்போது வரும், யார் உருவத்தில் வரும் என்று யாருக்கும் தெரியாது.

போன மாதம் அப்படித்தான் ஓர் அம்மா வந்து, குழந்தைக்குக் காய்ச்சல் என்று முந்தானையில் மூக்கைச் சிந்தினார். சண்முகப்பிரியா மனசு இளகி, சீட்டு இல்லாமலே ஆன்டிபயாட்டிக் மருந்தை எடுத்துக் கொடுத்துத் தொலைத்தாள். அவர் சாரின் எதிர்வீட்டுக்காரர் என்பது மறுநாள் வகுப்பில்தான் தெரிந்தது.

வகுப்பே சிரித்தது. தலையைக் குனிந்தவள் அன்று முழுக்க நிமிரவில்லை. கூடப் படிக்கிற மதன்குமார் இன்றுவரை அவளை 'தர்மாஸ்பத்திரி' என்றுதான் கூப்பிடுகிறான்.

இன்னொரு முறை தவறினால், அடுத்த வருஷம் ஜூனியர்களோடு நின்று பயிற்சியைத் திரும்ப முதலிலிருந்து செய்யவேண்டும். பயிற்சி முடியாமல் பார்மசிஸ்ட்டாகப் பதிவு செய்ய முடியாது. மகள் பார்மசிஸ்ட் ஆகப் போகிறாள் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிற அப்பாவின் முகத்தில் எப்படி விழிப்பது?

அதனால் இன்று அவள் அசைவதாக இல்லை.

"டாக்டர் சீட்டு இல்லாம இந்த மாத்திர குடுக்க முடியாதுங்க. சட்டம் அப்படிங்க" என்றாள்.

அவர் கையெடுத்துக் கும்பிட்டார். அவள் சட்டத்தின் பெயரைச் சொன்னாள், அட்டையில் சிவப்பில் போட்டிருக்கிற எச்சரிக்கையைக் காட்டினாள், பாடம் ஒப்பிக்கிற மாதிரி ஒன்றையும் விடவில்லை. அவர் காலி அட்டையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாப் பக்கம் நடந்தார்.

இந்தச் சந்தோஷத்தைச் சாரிடம் சொல்லாமல் இருக்க முடியுமா? உறவுக்காரர் கல்யாணத்துக்காகக் கோபிசெட்டிபாளையம் போயிருந்தவரைப் போனில் பிடித்தாள். "சார், நீங்க அனுப்புன ஆளு நல்லாவே அழுதாருங்க. நான் குடுக்கலைங்க" என்றாள்.

மேளச் சத்தத்துக்கு நடுவே சார், "நான் இன்னிக்கு யாரையும் அனுப்பலையே கண்ணு" என்றார். எதற்கெடுத்தாலும் நிறுத்தாமல் திட்டுகிற மனுஷன், என்ன மருந்து என்றுகூடக் கேட்காமல் போனை வைத்துவிட்டார்.

சண்முகப்பிரியாவுக்கு உடம்பெல்லாம் கூசியது. அழுத மனுஷனுக்கு மனசுக்குள் மார்க் போட்டுக்கொண்டு நின்றிருக்கிறாள். வகுப்பு சிரித்தபோது பட்ட அவமானமெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை என்று தோன்றியது. வால்பாறைத் தேயிலை எஸ்டேட் வீட்டில் ஒரு சின்னக் குழந்தை கை கால் இழுத்துக்கொண்டு கிடப்பது கண் முன்னால் வந்து வந்து போனது.

கடைப் பார்மசிஸ்ட் இல்யாஸ் உள்ளே சரக்கு அடுக்கிக்கொண்டிருந்தார். அவரை ஒரு வார்த்தை கேட்கவும் அவளுக்குத் தோன்றவில்லை. வலிப்பு மாத்திரை அட்டை ஒன்றை எடுத்தாள். அதற்கான காசைக் கல்லாவில் போட்டுவிட்டு, வெள்ளைக் கோட்டோடு சத்தி ரோட்டில் ஓடினாள்.

நல்லவேளை, அவர் இன்னும் பஸ் ஸ்டாப்பில்தான் நின்றிருந்தார். மூச்சு வாங்க, இரண்டு கையாலும் அட்டையை நீட்டினாள்.

"மன்னிச்சுக்கோங்க. நீங்க நடிக்கறீங்கன்னு நெனச்சுப்போட்டேனுங்க. எனக்கு வெக்கமா இருக்குதுங்க. இத வெச்சுக்குங்க, சீக்கிரம் ஊட்டுக்குப் போங்க" என்றாள். பயிற்சி போனால் போகிறது, இந்த மாத்திரை போய்ச் சேர்ந்தால் போதும் என்றிருந்தது அவளுக்கு.

அவர் அட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவரும் கொஞ்சம் கலங்கித்தான் போயிருந்தார். வால்பாறைக்குப் பஸ் மாற வேண்டிய உக்கடத்துக்குப் போகிற பஸ் வந்து நின்றது. ஆட்கள் இறங்கினார்கள், ஏறினார்கள். அவர் ஏறவில்லை.

பஸ் நகர்ந்ததும் போனை எடுத்துக் காதில் வைத்தார்.

"சார், அந்த அம்மணி ஓடி வந்து குடுத்துப்போட்டாங்க. ஆருக்கு மாத்திரைன்னு மட்டும் இன்னும் கேக்கலைங்க."