தாய்மொழிக் கட்டம்

"தாய்மொழின்னு கேட்டா தமிழ்னு சொல்லணும். அதுல என்னடி யோசனை?"

ராகவேந்திரன் குரலை உயர்த்தியதும், கையில் மொபைலோடு சோபா நுனியில் உட்கார்ந்திருந்த சோமா நிமிர்ந்து பார்த்தாள். மக்கள்தொகைக் கணக்கெடுக்கக் கல்கத்தாவின் டாலிகஞ்ச் குடியிருப்புக்கு வந்திருக்கும் பள்ளி ஆசிரியை. அப்பாவும் பெண்ணும் எதற்குச் சண்டை போடுகிறார்கள் என்பது அவளுக்குப் பிடிபடவில்லை.

"எனக்குப் பெங்காலிதாம்பா சட்டுனு வருது," என்றாள் கல்லூரியில் படிக்கும் மதுவந்தி. "கோபம் வந்தாக்கூட பெங்காலியிலதான் திட்டறேன். பொய் சொல்லச் சொல்றீங்களா?"

"ஆளாளுக்கு இப்படிச் சொன்னா, கல்கத்தாவுல தமிழனே இல்லைன்னு கவர்ன்மென்ட் எழுதிக்கும்!"

கார்டன் ரீச் ரயில்வே ஆபீஸில் வேலை பார்க்கும் ராகவேந்திரன் தமிழ்ச் சங்கச் செயலாளராகி மூன்று மாதம்தான் ஆகிறது. அதற்குள் 'தாய்மொழி தமிழ் என்று பதியுங்கள்' என்று வீடு வீடாக ஏறி இறங்கிவிட்டார். பாதி வீடுகளில் இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் என்று நினைத்துக் கதவைச் சாத்தினார்கள். அதை அவரே எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பார். ஆனால் சொந்த வீட்டிலேயே ஒரு தலை குறைந்தால், இன்று மாலைக் கூட்டத்தில் எந்த முகத்தோடு மேடை ஏறுவது?

"எங்க தாத்தா காலத்துலயே இங்க வந்தாச்சு. நானும் இங்கேயேதான் பொறந்தேன், இங்கேயேதான் படிச்சேன். தமிழை விட்டேனா?"

அவர் குரல் லேசாகத் தழுதழுத்தது. மதுவந்திக்குப் பாவமாக இருந்தது. சோமாவிடம் திரும்பி, "தமிழ்னே போட்டுக்கோங்க, திதி," என்று அக்கா முறை வைத்து வங்காளத்தில் சொன்னாள்.

ராகவேந்திரனுக்குத் தலைகால் புரியவில்லை. ஓடிப்போய் சந்தேஷ் இனிப்புத் தட்டை எடுத்துவந்து சோமாவிடம் குனிந்து நீட்டினார். சட்டைப்பையிலிருந்து நான்காக மடித்த தாள் நழுவி அவள் மடியில் விழுந்தது.

"அது ஒண்ணுமில்ல... சாயங்காலம் பேசறதுக்கு..." என்று அவர் எட்டிப் பிடிப்பதற்குள் அவள் பிரித்துவிட்டாள். புருவத்தைச் சுருக்கி, எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

"பெரியோர்கோளே... தாய்மார்கோளே... தோமில் எங்கோள் உயிர்..."

மதுவந்தி வாயைப் பிளந்தாள். "திதி! உங்களுக்குத் தமிழ் படிக்கத் தெரியுமா? எனக்கே தெரியாதே!"

ராகவேந்திரன் தட்டோடு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"ஐயோ, எனக்கு ஒரு வார்த்தைகூடப் புரியலைம்மா," என்றாள் சோமா. "ஆனா எழுத்தெல்லாம் எங்க வங்காள எழுத்தாச்சே!"