மூன்றாவது இன்ஜெக்டர் சொன்ன அளவு

ஒரு பழைய கார் இன்ஜினில் நான்கு இன்ஜெக்டர்கள் பெட்ரோல் தெளித்துக்கொண்டிருந்தன. ஒருநாள் அந்த இன்ஜினுக்குக் காற்றை அழுத்தித் திணிக்கும் டர்போ மாட்டினார்கள். காற்று குபுகுபுவென்று உள்ளே வரவும் இன்ஜினுக்குத் தலைகால் புரியவில்லை.

கார் மலையேறும்போது மூன்றாவது இன்ஜெக்டர் மூடவே நேரமில்லாமல் தெளித்தது. அப்படியும் அவ்வளவு காற்றுக்குப் பெட்ரோல் போதவில்லை. பெட்ரோல் குறைந்தால் சூடு எகிறும்; கீழே பிஸ்டன் தகித்தது.

"சூடு தாங்கலையா?" என்று கேட்டது இன்ஜெக்டர்.

"பரவாயில்லண்ணே, சமாளிச்சுக்கிறேன்," என்றது பிஸ்டன். அதன் தலையோரம் உருகத் தொடங்கியிருந்தது.

இன்ஜெக்டருக்குப் பொறுக்கவில்லை. "இன்ஜினை நடத்துற கம்ப்யூட்டர்கிட்ட சொல்லிடப்போறேன்."

"வாயை மூடு! முடியலைன்னு சொன்னா நம்ம நாலு பேரையும் கழற்றிடுவாங்க," என்று சீறியது பக்கத்து இன்ஜெக்டர்.

"கழற்றட்டும். இவன் உருகக் கூடாது."

அது கம்ப்யூட்டரிடம் சொன்னது: "நான் முழுசாத் திறந்தாச்சு. இதுபோல இன்னும் பாதி வேணும். அது என்னால ஆகாது."

கம்ப்யூட்டர் உடனே டர்போவை அடக்கியது. கார் ஊர்ந்து ஊர்ந்து மலையைக் கடந்தது.

மறுநாள் பட்டறையில் மெக்கானிக் கம்ப்யூட்டரில் பதிவாகியிருந்த அந்த அளவைப் பார்த்தார். ஆகப் பெரிய இன்ஜெக்டர்கள், கார் சும்மா நிற்கும்போதுகூட இன்ஜினைப் பெட்ரோலில் முக்கிவிடும் என்று ஒதுக்கினார். ஒன்றரை மடங்கு தெளிப்பவற்றை எடுத்தார்.

கழற்றிய நான்கும் ஒரு தட்டில் கிடந்தன. மற்ற மூன்றும் மூன்றாவதுக்கு முகம் கொடுக்கவில்லை. அது தன் இடத்துக்குப் போகவிருந்த புதியதைக் கூப்பிட்டது.

"தம்பி, அந்தப் பிஸ்டன் வாய்விட்டுக் கேக்க மாட்டான். நீயாப் பாத்து ஊத்து."